வருத்தமில்லாத வருத்தம்

"எனக்கொரு வருத்தமும் இல்லைத் தம்பி. பிறகேன் இரத்தம் எடுக்கிறியள்?"

தமிழ்நாட்டு அகதி முகாமொன்றில் இருபது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்துவிட்டு, 2014ஆம் ஆண்டில் மாந்தைப் பகுதியிலுள்ள எங்கள் கிராமத்துக்குத் திரும்பிய என் சின்னம்மா, வீடு தேடிவந்த சுகாதார உத்தியோகத்தர் ஒருவரிடம் கேட்ட கேள்வி இது. அவர் சின்னம்மாவின் விரல்நுனியிற் குத்தி ஒரு துளியைக் கண்ணாடித் தட்டிலும் இன்னொரு துளியை வடிதாளிலும் ஏந்திக்கொண்டார். தட்டை இங்கேயே பார்ப்போம், தாள் நுணுக்கமான சோதனைக்குக் கொழும்புக்குப் போகும் என்றார். "எல்லாம் உங்கடை நன்மைக்குத்தான் அம்மா" என்றும் சொன்னார். அயல்வீட்டார் வேலிக்கு மேலாற் பார்த்துக்கொண்டு நின்றனர். தரம் எட்டிற் கற்றுக்கொண்டிருந்த எனக்கு அன்று சின்னம்மாவின் கேள்வி பட்டிக்காட்டுத்தனமாகத் தோன்றியது. மெய்யியலை ஒரு பாடமாகக் கற்கத் தொடங்கிய பின்னரே, அக்கேள்விக்கு என்னிடம் விடை எதுவும் இல்லை என்பது தெரியவந்தது.

ஈழத்துப் பேச்சு வழக்கில் நோய்க்கு வருத்தம் என்பதே பெயர். நோயுற்றவனை வருத்தக்காரன் என்போம். அவனைக் காணச் செல்வதை வருத்தம் பார்க்கப் போதல் என்போம். பழந்தமிழின் நோய் என்னும் சொல்லும் இத்தகையதே. உடலுக்கு உற்ற பிணியை மட்டுமன்றிப் பிரிவாற்றாதவளின் துயரத்தையும் அகப்பாடல்கள் நோய் என்றே வழங்கின. நோதல் இன்றி நோய் இல்லை. நோயுற்றிருத்தல் என்பது உற்றவன் தானே உணரும் ஒன்று என்னும் கொள்கை இச்சொற்களுக்குள் உறைந்து கிடக்கின்றது. ஆயின் உலக சுகாதார நிறுவனம் மலேரியா நேர்வு ஒன்றுக்குத் தரும் வரைவிலக்கணம் வேறானது. ஒருவரின் குருதியில் மலேரியா ஒட்டுண்ணி உளதெனச் சோதனையால் உறுதிப்படுமாயின், அவருக்கு நோயறிகுறி இருப்பினும் இல்லாவிடினும், அது ஒரு நேர்வாகும். இவ்வரைவிலக்கணத்தில் வருத்தத்துக்கு இடமில்லை. அவ்வாறாயின், தான் உணராத நோய்க்கு ஒருவன் நோயாளியாவானா? ஆவான் எனின், அவன்மீது சுமத்தக்க கடமை யாது? அவனிடம் குருதி கேட்போருக்குரிய கடமை யாது?

கலைப்பீடத்து மாணவனொருவன் ஆய்வுகூடக் காரியங்களில் தலையிடுவது ஏனென்று விஞ்ஞானபீட நண்பர்கள் வினவக்கூடும். சோதனையைச் செய்வது அவர்கள் பணி. சோதனை கூறியதைக் கேட்டு என்ன செய்வது என்பது ஆய்வுகூடத்துக்கு வெளியே எழும் வினா என்பதே என் சமாதானம்.

முதலில், மலேரியாவை நாம் எவ்வாறு அறிகின்றோம் என்பதை நோக்குவோம். நெடுங்காலம் அதனை உடலே அறிவித்து வந்தது. குளிரும் நடுக்கமும், அவற்றின் பின் காய்ச்சலும், காய்ச்சலின் பின் வியர்வையும் முறைவைத்து வருதலைக் கண்டு வன்னி மக்கள் நோயை இனங்கண்டனர். 1880ஆம் ஆண்டில் அல்ஜீரியாவிலே பணியாற்றிய பிரெஞ்சு இராணுவ வைத்தியர் அல்போன்ஸ் லவெரன், நோயாளி ஒருவரின் குருதியில் ஒட்டுண்ணியை நுணுக்குக்காட்டியினூடே கண்டார். அன்று தொட்டு மலேரியா கண்ணுக்குப் புலனாகும் பொருளாயிற்று. குருதித் துளியைத் தட்டிற் பூசி, கீம்சா சாயமேற்றி, வில்லையின் கீழ் வைத்து எண்ணும் முறை ஒரு நூற்றாண்டைக் கடந்தும் இன்றுவரை வழக்கில் உள்ளது.

எனினும் கண்ணுக்கு எல்லையுண்டு. நாளாந்த வேலைச் சூழலில், ஒரு கன மில்லிமீற்றர் குருதியில் ஏறத்தாழ 50 ஒட்டுண்ணிகளேனும் இருந்தாலன்றி நுணுக்குக்காட்டி அவற்றை நிச்சயமாகக் காட்டாது. ஒட்டுண்ணியின் புரதத்தை அறியும் விரைவுச் சோதனைக்கு நூறு முதல் இருநூறு வரை வேண்டும். மூலக்கூற்றுச் சோதனைக்கோ ஒன்று முதல் ஐந்து போதும். கூடுதலான குருதியைக் கொண்டு செய்யும் மிகநுண்ணிய வகைகளுக்கு அதனிலும் குறைவு போதும். இவ்வெண்களின் பொருளை உணரச் சிறு கணக்கொன்று உதவும். வளர்ந்த ஒருவரின் உடலில் ஐந்து லீற்றர் குருதி உண்டெனக் கொண்டால் அது ஐம்பது இலட்சம் கன மில்லிமீற்றராகும். ஒவ்வொன்றிலும் பத்து ஒட்டுண்ணிகள் இருப்பின் உடல் முழுவதிலும் ஐந்து கோடி! நுணுக்குக்காட்டிக்கு அவர் தூயவர். அவருக்கோ தலையிடிகூட இல்லை. முன்பு பல முறை தொற்றுக்கு ஆளான உடல் அந்த ஐந்து கோடியோடும் ஒருவகை உடன்பாடு செய்துகொண்டு வாழ்ந்துவிடும்.

மூலக்கூற்றுச் சோதனை இந்த ஒட்டுண்ணிகளை எவ்வாறு கண்டுகொள்கின்றது? உண்மையில் அது அவற்றைக் காண்பதேயில்லை. 1983இல் அமெரிக்கரான கரி முல்லிஸ் சிந்தித்த பொலிமரேசுச் சங்கிலித் தாக்கம் என்னும் முறை, டி.என்.ஏ. இழையின் குறித்த ஒரு துண்டை இரட்டித்து, இரட்டித்ததை மீண்டும் இரட்டித்துப் பெருக்குவது. முப்பது சுற்றில் ஒன்று நூறு கோடிக்கு மேலாகும். மலேரியா ஒட்டுண்ணிக்கு மட்டும் உரிய துண்டொன்றைத் தெரிந்து, வடிதாளிற் காய்ந்த குருதியிலிருந்து அதனைப் பெருக்க முயல்வர். பெருகினால் ஒட்டுண்ணி உண்டு, பெருகாவிடின் இல்லை என்பது முடிபு. 1993ஆம் ஆண்டளவில் ஒட்டுண்ணியின் நான்கு இனங்களையும் இம்முறையாற் பிரித்தறிய முடிந்தது. பின்னர் ஒரே வெப்பநிலையில் வைத்துப் பெருக்கும் முறை யப்பானிலிருந்து வந்தது. பெரிய கருவிகள் இல்லாத இடங்களுக்கும் அதனைக் கொண்டுசெல்லலாம்.

நம் அளவை நூலார் அறிவுக்குரிய வாயில்களைக் காண்டல், கருதல், உரை என மூன்றாக வகுத்தனர். நுணுக்குக்காட்டி தருவது காண்டல். மூலக்கூற்றுச் சோதனை தருவது கருதல். மலைமேற் புகை கண்டு அங்கே தீ உண்டென்று துணிவது போன்றதே பெருகிய இழையைக் கண்டு ஒட்டுண்ணி உண்டென்று துணிவதும். தருக்க நூல் கற்போர் யாவரும் அறிந்த இடர் ஒன்று இங்கும் உளது. தீ அணைந்த பின்னரும் புகை சிறிது நேரம் நிற்கும். மருந்துண்டு குணமடைந்தவரின் குருதியில் இறந்த ஒட்டுண்ணிகளின் டி.என்.ஏ. சில வாரங்கள் வரையும் எஞ்சியிருக்கக்கூடும். சோதனை அதனையும் உண்டு என்றே கூறும். மறுதலையாக, புகையில்லாத தீயும் உண்டு. விவாக்ஸ் இன ஒட்டுண்ணி ஈரலில் உறங்குநிலையில் மாதக்கணக்கிற் கிடக்கவல்லது. அந்நிலையில் அதனைக் குருதித் துளியிலிருந்து எந்த நுண்சோதனையும் அறியமாட்டாது. என் சின்னம்மாவின் தாளில் எதுவும் பெருகவில்லை என்றாலும் அவர் உடலில் எதுவும் இல்லை என்று அத்தாள் சத்தியம் செய்யாது.

இவ்வாறு கூறுவதால் காண்டலே மேல், கருதல் கீழ் என்று நான் வாதிப்பதாக எண்ணவேண்டாம். காண்டல் நம்மை எவ்வளவு தூரம் ஏமாற்றவல்லது என்பதற்குச் சரவாக் மாநிலத்தின் காபிட் பகுதியில் நிகழ்ந்தது சான்று. அங்கே மலேரியாவுற்ற பலரின் குருதியில் மலேரியே என்னும் சாதுவான இனமே காணப்படுவதாக நுணுக்குக்காட்டியாளர் கூறிவந்தனர். பல்பீர் சிங், ஜனட் கொக்ஸ் சிங் ஆகியோரும் அவர்தம் குழுவினரும் மூலக்கூற்று முறையால் 208 நோயாளரைச் சோதித்து 2004இல் வெளியிட்ட முடிவு வியப்புக்குரியது. அவர்களுள் 120 பேரிடம் இருந்தது நோலெசி என்னும் குரங்கு மலேரியா. மலேரியே ஒருவரிடத்தேனும் இல்லை. இரண்டும் நுணுக்குக்காட்டியின் கீழ் ஏறக்குறைய ஒரே தோற்றமுடையவை. ஆயின் நோலெசி இருபத்துநான்கு மணித்தியாலத்துக்கு ஒருமுறை பெருகி உயிரையும் கொல்லவல்லது. கயிற்றைப் பாம்பென்று காண்பது வேதாந்தியின் உவமை. இங்கே பாம்பையல்லவா கயிறென்று கண்டிருக்கின்றனர்! பயின்ற கண்கள் பிழைத்த இடத்தில் கருதலே திருத்தம் செய்தது.

இனி அறவியல் வினாவுக்கு வருவோம். திருக்குறளின் மருந்து அதிகாரம் தன் இறுதியில் மருத்துவத்தை நான்கு கூறாக வகுக்கின்றது: நோயுற்றவன், தீர்ப்பவன், மருந்து, உடனிருந்து மருந்தளிப்பவன். முதலிடம் உற்றவனுக்கு. அவன் வருந்துகின்றான், நாடிவருகின்றான், ஏனைய மூன்றும் அவனுக்காகத் திரள்கின்றன. மலேரியா ஒழிப்புக்காக ஊர் ஊராகச் சென்று நடத்தப்படும் மூலக்கூற்றுச் சோதனையிலோ இம்முறைமை தலைகீழாகின்றது. உற்றவன் இல்லாத இடத்தில் மற்றை மூவரும் கூடிச் சென்று உற்றவன் ஒருவனைத் தேடிக் கண்டுபிடிக்கின்றனர். ஆதலின், வைத்தியருக்கும் நோயாளிக்கும் இடையே தொன்றுதொட்டு நிலவும் ஒழுக்கவிதிகளை இங்கே அப்படியே பொருத்துதல் இயலாது.

அவ்வாறு தேடுவது ஏன் என்பதற்கு வலுவான நியாயம் உண்டு; அதனை மறைப்பது நேர்மையாகாது. குறைந்த அளவு ஒட்டுண்ணியை உடையவரைக் கடிக்கும் நுளம்பும் தொற்றைப் பெறலாம். நோய் அருகிவிட்ட நாடுகளில் இத்தகையோரே தீ அணையாது காக்கும் தணல். ஒருவனது சுதந்திரத்திற் சமூகம் தலையிடுவதற்கு நியாயமாவது பிறருக்கு நேரும் தீங்கைத் தடுத்தல் ஒன்றே என்று ஜோன் ஸ்ரூவர்ட் மில் 1859இல் வகுத்த நெறி, இங்கே தலையிடுவோரின் பக்கம் சாய்கின்றது. இலங்கையர்க்கு இது ஏட்டுச் சுரைக்காயன்று. 1934–35 கொள்ளைநோயில் இந்நாட்டில் மாண்டோர் ஏறத்தாழ 80,000 பேர். டி.டி.ரி. தெளிக்கத் தொடங்கிய பின் நோய் விரைவாகக் குறைந்து, 1963இல் நாடு முழுவதிலும் பதிவானோர் 17 பேர் மாத்திரமே. வென்றுவிட்டோம் என்று எண்ணித் தெளித்தலும் தேடுதலும் தளர்ந்தன. 1969ஆம் ஆண்டில் மட்டும் ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் நோயுற்றனர். அந்தப் பதினேழு, இருந்தோரின் தொகையன்று. கண்ணுக்கு அகப்பட்டோரின் தொகை. அகப்படாதோர் எத்துணைப் பேர் என்பதை அன்று அறிவிக்கக்கூடிய சோதனை எதுவும் இருக்கவில்லை. உள்நாட்டில் தொற்றிய இறுதி நோயாளி 2012 ஒக்டோபரிற் பதிவானார். 2016 செப்ரெம்பரில் இலங்கை மலேரியா அற்ற நாடெனச் சான்றளிக்கப்பட்டது. அதே ஆண்டின் இறுதியில், கிணறுகளிலும் நீர்த்தொட்டிகளிலும் வளரும் ஸ்ரெபன்சி நுளம்பு மன்னாரிற் கண்டுபிடிக்கப்பட்டது. சின்னம்மாவின் வீட்டிலிருந்து அது தொலைவன்று.

ஆகவே தேடவேண்டாம் என்று கூற என்னால் இயலாது. எனினும் யாரைத் தேடுகின்றோம்? இந்தியாவிலிருந்து திரும்பும் அகதிகளையும், ஆபிரிக்காவுக்குக் கல் வாங்கச் செல்லும் இரத்தின வணிகரையும், அமைதிப்படையிற் பணியாற்றி வரும் படையினரையும், யாத்திரிகரையும், வந்து வேலை செய்யும் தொழிலாளரையும். எங்கே தொற்று மிகுந்ததோ அங்கிருந்து வருவோரைத் தேடுதல் அறிவுடைமையே. ஆயினும் இவர்கள் எல்லோரும் அதனை ஒரே வகையில் ஏற்பதில்லை. இரத்தின வணிகர் அதனைப் பயணச் சடங்குகளுள் ஒன்றாகக் கருதி மறந்துவிடுவார். இருபது ஆண்டு முகாமில் வரிசைகளிலும் பதிவேடுகளிலும் சோதனைகளிலும் வாழ்ந்துவிட்டுத் தன் முற்றத்துக்கு மீண்ட பெண்ணுக்கு, வேலிக்கு மேலால் அயலவர் பார்க்க விரலிற் குத்துவது, நீ இன்னும் வெளியாளே என்று கூறுவதாய்த் தோன்றும். புள்ளிவிபரத்துக்கு இருவரும் ஒரே பிரிவினர்.

அச்சத்தின் வழிச் சென்ற நியூயோர்க் நகரின் கதையும் நினைவுக்கு வருகின்றது. மேரி மலோன் என்னும் அயர்லாந்துச் சமையற்காரி நெருப்புக்காய்ச்சற் கிருமியைத் தன்னுள்ளே கொண்டிருந்தும் தான் வருந்தியதில்லை. 1907இற் பிடித்துத் தீவொன்றில் வைத்தனர். சமையல் வேலை செய்யலாகாது என்ற நிபந்தனையோடு 1910இல் விடுத்தனர். மீண்டும் சமையலறையிற் கண்டு 1915இல் திரும்பவும் அடைத்தனர். 1938இல் இறக்கும்வரை அவள் மீளவில்லை. தன்னுள் கிருமி உண்டென்பதை அவள் இறுதிவரை நம்பவுமில்லை. அவளைப் பிடிவாதக்காரி என்பர். தன் உடல் தனக்குக் கூறாத ஒன்றைப் பிறர் உரையால் மட்டும் நம்பவேண்டியிருந்தவள் அவள் என்பதையும், அவ்வுரை அவளிடம் காவலரோடு வந்தது என்பதையும் நாம் சேர்த்துப் பார்த்தல் தகும்.

மலேரியாவைக் காவிநிற்பவரின் நிலை இத்துணைக் கொடியதன்று. மருந்துண்டு, குணமுண்டு, சிறையில்லை. ஆனால் மருந்தும் விலையற்றதன்று. விவாக்ஸை ஈரலிலிருந்து நீக்கும் பிறிமாகுவின் குளிசையை வழக்கமாகப் பதினான்கு நாள் உண்ணவேண்டும். ஜி6பிடி என்னும் நொதியம் குறைந்தவர்களிடத்து அது செங்குருதிக் கலங்களைச் சிதைத்துவிடும் என்பதால் முன்னதாக அதற்கும் ஒரு சோதனை வேண்டும். வருந்துபவன் குணமடையும் பொருட்டு இவ்விடரை ஏற்கலாம். வருத்தமில்லாதவன் ஏற்பது பெரிதும் பிறர் பொருட்டே. அன்றியும், சோதனை பிழைப்பதற்கும் இடமுண்டு. ஓர் இலட்சம் பேரை ஆராய்கின்றோம் எனவும், அவர்களுள் உண்மையில் தொற்றுடையோர் பத்துப் பேர் எனவும், தொற்றில்லாதாருள் ஆயிரத்துக்கு ஒருவரைச் சோதனை தவறாகச் சுட்டும் எனவும் கொள்வோம். மெய்யான பத்தோடு பொய்யான நூறும் சேர்ந்து வரும். சோதனை சிறந்ததே. நோய் அருகிய நாட்டில் இருப்பதுதான் இக்கணக்கை இவ்வாறு திருப்பிவிடுகின்றது. மறுசோதனையால் இதனைக் களையலாம். களையும்வரை அந்த நூறு பேரும் அயலவர் கண்ணுக்கு மலேரியாக்காரர். உலக சுகாதார நிறுவனமும் 2014இல் இச்சோதனைகளை நோய் அருகிய பகுதிகளின் கணக்கெடுப்புக்கும் ஆய்வுக்கும் ஏற்றவை என்றதேயன்றி, நாளாந்த வைத்தியத்துக்கு நுணுக்குக்காட்டியும் விரைவுச் சோதனையுமே போதும் என்றது.

இந்தக் கூற்றில் நீதி பற்றிய இன்னொரு வினாவும் அடங்கியுள்ளது. 2023ஆம் ஆண்டில் உலகெங்கும் மலேரியாவால் இறந்தோர் ஏறக்குறைய 5,97,000 பேர் என அந்நிறுவனம் மதிப்பிட்டது. அவர்களுட் பெரும்பாலோர் ஆபிரிக்கக் குழந்தைகள். காய்ச்சலால் துடிக்கும் அக்குழந்தைகளுக்கு இழையைப் பெருக்கும் கருவி வேண்டியதில்லை. எளிய விரைவுச் சோதனையும் குளிசையும் நேரத்துக்குக் கிடைத்தாற் போதும். வருந்துவோருக்கு எளிய கருவி எட்டாதிருக்க, வருந்தாதோரைத் தேட நுண்கருவி செல்கின்றது. இதனைக் கொண்டு நுண்கருவியைப் பழிக்கவும் மனம் வரவில்லை, இரண்டும் ஒரே பணப்பையிலிருந்து வருவனவாகவும் தெரியவில்லை. முரண் மட்டும் உறுத்துகின்றது.

மியன்மார், கம்போடியா முதலிய நாடுகளின் சில கிராமங்களில் கடந்த பத்தாண்டில் மேற்கொண்ட வழி இதற்கு மாறானது. மிகநுண்ணிய சோதனையால் ஊரின் நிலையை அறிந்து, மறைந்த தொற்று மிகுந்ததெனக் கண்டவிடத்து, ஊரார் அனைவருக்கும், தொற்றில்லாதாருக்கும் சேர்த்தே, மாதம் மூன்று நாளாக மூன்று மாதம் மருந்து வழங்கினர். தேவையற்றோரும் மருந்துண்ணும் குறை இதிலே வெளிப்படை. ஆனால் எவரும் தனியே சுட்டப்படவில்லை. சுமை ஊருக்குப் பொதுவாயிற்று. சுகமாயிருக்கும் நாங்கள் ஏன் மருந்துண்ணவேண்டும் என்று அங்கும் மக்கள் கேட்டனர். அதற்கு விடைகூறும் பொருட்டுக் கூட்டங்களிலும் வீடுகளிலும் பேசுவதற்கு அப்பணியாளர் பெருங்காலம் செலவிட வேண்டியிருந்தது.

அந்தப் பேச்சிலேதான் இவ்வினாவின் முடிச்சு இருக்கின்றதென நான் கருதுகின்றேன். காண்டல், கருதல் ஆகிய இரண்டும் ஆய்வுகூடத்தாருக்கே உரியன. குருதி கொடுத்தவருக்கு எஞ்சுவது உரை ஒன்றே. உரை அளவையாவதற்கு அளவை நூலார் விதித்த நிபந்தனை, உரைப்பவன் நம்பத்தக்கவனாயிருத்தல். "எல்லாம் உங்கடை நன்மைக்குத்தான்" என்று அந்த உத்தியோகத்தர் கூறியது முழுப் பொய்யன்று, நல்லெண்ணத்தோடு கூறியதே. ஆனால் அவர் வந்த காரணம் அதுவன்று. சின்னம்மாவின் நன்மைக்காக எனின் அவருக்குக் காய்ச்சல் வரும்வரை காத்திருந்து வைத்தியசாலைக்கு வருமாறு கூறியிருக்கலாம். அவர் வந்தது அயலவருக்காக, அந்த வேலிக்கு மேலாற் பார்த்துக்கொண்டு நின்றவர்களின் பிள்ளைகளுக்காக. அதனைச் சொல்லியிருந்தால் சின்னம்மா அங்கே சந்தேகத்துக்குரிய நோயாளியாக நிற்காமல், ஊருக்குத் தன் குருதியில் ஒரு துளி கொடுப்பவராக நின்றிருப்பார். வைத்தியசாலைக்குச் சென்று இரத்ததானம் செய்பவரை நாம் வருத்தக்காரர் என்று கூறுவதில்லை. பணிந்து கேட்கின்றோம், நன்றியும் சொல்கின்றோம். நுண்சோதனைக்குக் குருதி தருபவரிடமும் அவ்வாறே கேட்கவேண்டும் என்பதும், மறுப்பவரிடம் மீண்டும் விளக்கிக் கேட்கலாமேயன்றி அதட்டலாகாது என்பதும், வந்த முடிவு எதுவாயினும் அது திரும்பி வந்து அவரிடம் உரைக்கப்படவேண்டும் என்பதும் என் துணிபு. மூன்றாவதை நான் அழுத்திக் கூறுவதற்குக் காரணம் உண்டு. அந்த வடிதாளின் முடிவைச் சின்னம்மாவுக்கு இன்றுவரை எவரும் கூறவில்லை. ஒன்றும் இல்லாமையால் கூறாது விட்டிருப்பர் என்பது என் ஊகம்.

சென்ற விடுமுறையின்போது புகையையும் தீயையும் வைத்து இவற்றையெல்லாம் அவருக்கு விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். தணல் உதாரணம் அவருக்கு நன்கு பிடித்துவிட்டது. அடுப்படியில் இருந்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார். பின்னர், "அயலுக்குத்தான் எண்டு அண்டைக்கே சொல்லியிருந்தால் மற்றக் கையையும் நீட்டியிருப்பன்" என்றார். சிறிது நேரம் கழித்து இன்னொன்றும் கேட்டார்: "அப்ப அந்தத் தாளிலை ஒண்டும் இல்லையெண்டு உனக்கு ஆர் சொன்னது?"